மறு: ‘ஒழுங்கற்ற எதிரொளிப்பு’ – இந்தச் சொல்லை மாற்றலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஒளியியல் துணைப்பாடத்தை எழுதிக்கொண்டிருப்பவள் என்பதால் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஒளி ஒரு பரப்பில் பட்டுத் திரும்புவது எதிரொளிப்பு. கண்ணாடியில் போல ஒரே திசைக்குத் திரும்புவதை ஆங்கிலத்தில் ஸ்பெக்குலர் என்றும், சுவரில் போல பல திசைக்குத் திரும்புவதை டிஃப்யூஸ் என்றும் பிரிக்கிறார்கள். இந்த இரண்டு வகைக்கும் நம் பக்கம் முறையே ‘ஒழுங்கான எதிரொளிப்பு’, ‘ஒழுங்கற்ற எதிரொளிப்பு’ என்று எழுதுகிறோம். அதை அப்படியே விட்டுவிடுவதா, மாற்றுவதா?

> பல வருடமாகப் புழங்கும் சொல். மாற்றினால் மாணவர்களுக்குக் குழப்பம்தான் வரும்.

ஐயா, குழப்பம் இப்போதே இருக்கிறது. போன வருடம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், ஒழுங்கற்ற எதிரொளிப்புல படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமா இருக்காதா?” என்று கேட்டாள். அவள்மேல் தப்பே இல்லை. சொல்லை நம்பித்தான் கேட்டாள். கரடுமுரடான பரப்பில் விழும் ஒவ்வொரு கதிரும் தான் விழுந்த அந்தச் சின்ன இடத்தில் விதிப்படி, அதாவது விழுந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில்தான் திரும்புகிறது. இடத்துக்கு இடம் சாய்வு மாறுவதால் கதிர்கள் பல திசைக்குப் போகின்றன, அவ்வளவுதான். அங்கே எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனால் ‘ஒழுங்கற்ற’ என்று பெயர் வைத்துவிட்டால் மீறல் நடந்தது போலத்தான் கேட்கும்.

இதைவிட எனக்குப் பெரிய குறை இன்னொன்று. ‘ஒழுங்கான’ என்றால் நல்லது, ‘ஒழுங்கற்ற’ என்றால் அதில் ஏதோ கோளாறு என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. கண்ணாடிதான் சரியாக வேலை செய்கிறது, சுவரும் காகிதமும் சரியில்லாத கண்ணாடிகள் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மை நேர்மாறு. நாம் உலகத்தில் பார்க்கிற பொருள்களில் மிகப் பெரும்பாலானவற்றை இந்த ‘ஒழுங்கற்ற’ வகையால்தான் பார்க்கிறோம்.

எங்கள் ஊரில் வாளி கிணற்றில் விழுந்துவிட்டால் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். வாளி எந்த மூலையில் கிடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு யாராவது வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து, வெயிலில் பிடித்து, வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் திருப்புவார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ணாடியைப் பிடிக்கும் வேலை பெரும்பாலும் எனக்குத்தான். கை கொஞ்சம் ஆடினாலும் வெளிச்சம் எதிர்ச்சுவருக்குத் தாவிவிடும்.

இந்த ஒரு காட்சியிலேயே பாடம் முழுவதும் இருக்கிறது. கண்ணாடி வெயிலை ஒரே திசைக்கு அனுப்புகிறது. நேர் மேலிருந்து விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கு போல நீர்ப்பரப்பில் திரும்பிவிட, மீதி உள்ளே இறங்குகிறது. அது வாளியில் பட்டு எல்லாப் பக்கமும் பரவுகிறது. அப்படிப் பரவுவதால்தான் கிணற்றைச் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாளி தெரிகிறது. வாளியும் கண்ணாடியைப் போலவே ஒரே திசைக்கு ஒளியைத் திருப்பியிருந்தால், அந்தத் திசையில் தற்செயலாக நின்றவர் கண் மட்டும் கூசியிருக்கும், மற்றவர்களுக்கு இருட்டுதான். இதை ‘ஒழுங்கற்ற’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கலிலியோ இதையே நிலாவுக்காக வாதாடினார். நிலா வழவழப்பான கோளம், கண்ணாடி போல வெயிலைத் திருப்புகிறது என்று நம்பியவர்கள் அன்று இருந்தார்கள். 1632இல் அவர் வெளியிட்ட உரையாடல் நூலில், வெயில் படும் சுவரில் ஒரு தட்டைக் கண்ணாடியை மாட்டிவைத்து, எது அதிக வெளிச்சமாகத் தெரிகிறது என்று கேட்கிற இடம் வருகிறது. கண்ணாடி என்று பதில் சொல்லத் தோன்றும். பார்த்தால், கண்ணாடியின் ஒளி போய் விழுகிற அந்த ஒரு திசையைத் தவிர வேறு எங்கே நின்றாலும் சுவர்தான் பளிச்சென்று இருக்கிறது, கண்ணாடி கறுத்துக் கிடக்கிறது. நிலா வழவழப்பான உருண்டைக் கண்ணாடியாக இருந்திருந்தால், சூரியனின் பிம்பம் ஒரு சின்னப் புள்ளியாக மட்டும் அதில் மின்னும், மற்ற பகுதியெல்லாம் இருட்டாக இருக்கும். முழுநிலவு வட்டமாக ஒளிர்வதே அதன் மேடுபள்ளத்தாலும் தூசாலும்தான். இதை வகுப்பில் செய்துகாட்ட ஒரு கண்ணாடியும் வெள்ளையடித்த சுவரும் போதும். எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

சரி, வேறு சொல் என்ன? இதுவரை வந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

> ‘சொரசொரப்பு எதிரொளிப்பு’ என்றால் காரணமே பெயரில் வந்துவிடும்.

காரணம் முழுதாக வரவில்லை என்பதுதான் சிக்கல். ஒரு டம்ளர் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் சொரசொரப்பே கிடையாது. உற்றுப் பார்த்தால் டியூப்லைட்டின் மங்கலான பிம்பம்கூடத் தெரியும். ஆனாலும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பால் வெள்ளைதான். ஒளி உள்ளே புகுந்து, கொழுப்புத் துளிகளிலும் புரதத் துகள்களிலும் பலமுறை முட்டித் திரும்பி வெளியே வருகிறது. வெள்ளைச் சலவைக்கல்லும் அப்படியே. எவ்வளவு மெருகேற்றினாலும் அது பளபளக்குமே தவிர முகம் பார்க்கும் கண்ணாடி ஆகாது. எழுதும் தாளின் வெண்மையிலும் நார்களுக்கு உள்ளே நடக்கும் வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக, சொரசொரப்பு ஒரு காரணம் மட்டுமே. ஒரு காரணத்தைப் பெயராக்கினால் மற்ற காரணத்தால் நடப்பதற்கு வேறு பெயர் தேட வேண்டிவரும். கண்ணுக்கு வந்து சேரும் விளைவைச் சொல்கிற சொல்தான் இங்கே வேண்டும்.

> உள்ளே முட்டித் திரும்புகிறது என்றால் ‘சிதறல் எதிரொளிப்பு’ என்றே சொல்லிவிடலாமே?

இதை எழுதியவர் இயற்பியல் படித்தவர் என்று தெரிகிறது, கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டேன். ஆனால் சிதறல் என்ற சொல்லை நாம் ஏற்கெனவே இயற்பியலாளர் சி. வி. ராமனுக்குக் கொடுத்துவிட்டோம் (ராமன் சிதறல்). அதைத் தனியாகக் காப்பாற்ற வேண்டியதற்கு அவருடைய கடல் ஆராய்ச்சியே போதுமான காரணம். 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பும்போது, கடலின் நீலம் வெறும் வானத்தின் எதிரொளிப்பு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ராலேயின் கருத்தை அவர் சோதித்துப் பார்த்தார். கையில் இருந்தது ஒரு நிக்கோல் பட்டகம், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம். நீர்ப்பரப்பில் எதிரொளித்து வரும் ஒளி முனைவாக்கம் அடைந்திருக்கும் (ஒரே தளத்தில் அதிரும்) கோணத்தில் பார்த்து, பட்டகத்தைத் திருப்பி அந்த ஒளியை அணைத்தார். வானத்தின் பிம்பம் போய்விட்டது, நீலம் போகவில்லை, இன்னும் நன்றாகவே தெரிந்தது. நீலம் நீரின் மூலக்கூறுகளில் நிகழும் சிதறலால் வருகிறது என்று அவர் வாதிட்டது இதை வைத்துத்தான். எதிரொளிப்பு ஒன்று, சிதறல் வேறொன்று என்று பிரித்துப் பார்த்ததால் பிறந்த இயற்பியல் இது. திருச்சியில் பிறந்த மனிதர் பிரித்துக் காட்டியதைத் தமிழில் ஒரே சொல்லாகக் குழைத்துவிட வேண்டாம். பாலுக்குள் நடப்பது சிதறல். பாலிலிருந்து நம் கண்ணுக்கு வந்து சேரும் விளைவுக்குத் தனிப் பெயர் இருக்கட்டும்.

‘விரவல்’ சரிவராது. விரவுதல் என்றால் கலத்தல், வாயுக்கள் கலப்பதற்கு அது பொருந்தும். இங்கே எதனோடும் எதுவும் கலக்கவில்லை.

‘பரவொளிப்பு’ என்று ஒரு நண்பர் சுருக்கிக் கொடுத்தது காதுக்கு இனிமையாக இருந்தது. ஆனால் ‘எதிர்’ விழுந்துவிட்டால் மிஞ்சுவது ‘ஒளிப்பு’. ஒளித்தல் என்றால் மறைத்தல் என்றும் பொருள். எல்லாவற்றையும் காட்டுகிற நிகழ்வுக்கு மறைப்பு என்று பொருள்படும் பெயர் வேண்டாமே.

என் முன்மொழிவு: பரவல் எதிரொளிப்பு. அதற்கு இணையாக ஆடி எதிரொளிப்பு.

பரவல் புதுச் சொல் இல்லை. புள்ளியியலில் ஒரு பொருளில் வருகிறது, இலங்கைப் பாடநூல்களில் வாயுப் பரவலுக்கும் வருகிறது. இரண்டிலுமே ஓரிடத்தில் இருப்பது பல இடத்துக்கு விரிகிறது என்ற கருத்துத்தான், ஆகவே இடிக்காது. 1760இல் ஒளியளவியல் அறிஞர் லாம்பர்ட் சொன்ன இலட்சியப் பரப்பு எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும். அதை ‘முழுப் பரவல்’ பரப்பு என்று சொல்லலாம், பிள்ளைக்கு உடனே புரியும். ‘முழு ஒழுங்கின்மை’ என்று சொல்லிப் பாருங்கள், பொருளே மாறிவிடுகிறது.

> ஆடி எதற்கு? எல்லோருக்கும் தெரிந்த கண்ணாடி இருக்கிறதே?

அம்மா, தெரிந்த சொல்தான். ஆனால் அது இன்று மூன்று வேலை பார்க்கிறது. ஜன்னல் கண்ணாடி, மூக்குக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி. ‘கண்ணாடி எதிரொளிப்பு’ என்றால் ஜன்னலில் நடப்பதா, நிலைக்கண்ணாடியில் நடப்பதா? கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியில் கண்ணாடிப் பொருளே இல்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றியது அது. விரல் நுனியை வைத்தால் பிம்பத்தின் விரலும் இடைவெளி இல்லாமல் வந்து தொடும். நம் வீட்டுக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்னால் இருப்பதால் கண்ணாடியின் கனத்துக்கு ஒரு சந்து தெரியும். ஆடி என்பது பொருளைச் சொல்லாமல் வேலையைச் சொல்கிறது. குழியாடி, குவியாடி என்று பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது, இலங்கையில் தளவாடி என்றும் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் வேரான லத்தீன் ஸ்பெகுலம் என்பதற்கும் ஆடி என்றுதான் பொருள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எதிரில் இருப்பவர் கண்ணை நெருங்கிப் பார்த்தால் நம் உருவம் குட்டியாகத் தெரியும். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் ஒளிபுகும் படலமான கார்னியாவின் புடைத்த ஈரப் பரப்பு ஒரு குவியாடி. அந்தக் குட்டி உருவத்தை வைத்துத்தான் நாம் கண்பாவை, கண்பாப்பா என்கிறோம். ஆடி எதிரொளிப்பை நம் மொழி எத்தனை நூற்றாண்டுக்கு முன்பே கவனித்திருக்கிறது பாருங்கள். ‘மாய பிம்பம்’ என்பதற்குப் பதிலாகப் பாவை என்று சொல்லலாமா என்று தனி இழையில் கேட்கப் போகிறேன்.

புதிய இணையை இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தேன். முதலாவது கத்தரிக்காய். விளக்கடியில் வைத்தால் மேலே ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும், மற்ற இடமெல்லாம் ஊதா. பொட்டு ஆடி எதிரொளிப்பு, அதில் இருப்பது விளக்கின் நிறம். ஊதா பரவல் எதிரொளிப்பு, அதுதான் காயின் நிறம். ஒரே காயில் இரண்டும். (செம்புக் குடத்தில் மட்டும் மின்னும் பொட்டே செம்பு நிறமாக இருக்கும். உலோகங்களின் கதை வேறு, அதை மேல்வகுப்புக்கு விட்டுவிடலாம்.)

இரண்டாவது, மழை பெய்த இரவில் வண்டி ஓட்டுவது. காய்ந்த தார்ச்சாலை நம் முகப்பு விளக்கின் ஒளியைப் பரப்பி, ஒரு பங்கை நம் கண்ணுக்கே திருப்பித் தருகிறது, சாலை தெரிகிறது. மழைநீர் மேடுபள்ளத்தை நிரப்பியதும் அதே சாலை ஆடியாகிவிடுகிறது. நம் ஒளி முன்னோக்கிப் போய்விடுகிறது, நமக்குத் திரும்பி வருவது குறைகிறது. எதிரே வரும் லாரியின் விளக்கோ சாலையில் எதிரொளித்து நேராக நம் கண்ணில் விழுகிறது. பழைய சொற்களில் இதை எழுதினால், “மழையில் சாலை ஒழுங்கான எதிரொளிப்பைத் தருவதால் வழி தெரியவில்லை” என்று வரும். ஒழுங்காக இருப்பதால் தெரியவில்லையா என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். புதிய சொற்களில்: “மழையில் சாலையின் பரவல் எதிரொளிப்பு குறைந்து ஆடி எதிரொளிப்பு கூடுவதால் வழி தெரியவில்லை.” எனக்கு இது நேராகப் புரிகிறது.

கடைசியாக எதிரொளிப்பா, இலங்கையில் சொல்வதுபோல் தெறிப்பா என்ற பழைய வழக்கு. யாழ்ப்பாண நண்பர் சொன்னதுபோல் ‘தெறிகோணம்’ என்பதன் சுருக்கத்துக்கு ‘எதிரொளிப்புக் கோணம்’ ஈடாகாது, எனக்கும் அந்தச் சொல்மேல் ஆசைதான். ஆனால் அதை இங்கே தீர்க்க முயன்றால் இந்த இழை முடியவே முடியாது. நல்லவேளையாக அடைமொழிகள் இரண்டு பக்கமும் ஒட்டும். அங்கே ஆடித் தெறிப்பு, பரவல் தெறிப்பு. இங்கே ஆடி எதிரொளிப்பு, பரவல் எதிரொளிப்பு.

துணைப்பாடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்:

“கண்ணாடியில் விழும் இணைக்கதிர்கள் இணையாகவே திரும்புகின்றன. இது ஆடி எதிரொளிப்பு. இதனால் நமக்குப் பிம்பம் தெரிகிறது. சுவரில் விழும் இணைக்கதிர்கள் பல திசைகளில் திரும்புகின்றன. இது பரவல் எதிரொளிப்பு. இதனால் நமக்குச் சுவர் தெரிகிறது. (பழைய நூல்களில் இவை ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு எனப்படும்.)”

அடைப்புக்குறிக்குள் பழைய பெயரையும் விட்டிருக்கிறேன். தேர்வு எழுதும் பிள்ளைக்கு அது வேண்டும். இன்னும் ஒரு சொல் பாக்கி: பூனையின் கண்ணும் சாலையோரப் பலகையும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றனவே, அதற்கு ‘வந்தவழி எதிரொளிப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், திங்களன்று அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்.