உவர்நீர்த் தொட்டியில் ஜாவா ஃபெர்ன்: புது இலை வெளிறுவது ஏன்?

100 லிட்டர் உவர்நீர் (கடல்நீரைவிட உப்பு குறைந்த நீர்) மீன்தொட்டி, நாலு ஆரஞ்சு குரோமைட் மீன். லிட்டருக்கு 5 கிராம் கடல்மீன் தொட்டி உப்பு (கல்லுப்பு அல்ல), ஹைட்ரோமீட்டரில் (நீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.003. பிஎச் 8.0, வெப்பம் 27 டிகிரி, நைட்ரேட் 10. சாதாரண எல்இடி, தினம் 6 மணி நேரம். ஆவியாகும் அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டுமே ஊற்றுவதால் உப்பு ஏறுவதில்லை.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ஆகிய நீர்ச்செடிகள் கட்டையில் நூலால் கட்டியவை. கிழங்குத்தண்டு மணலில் புதையவில்லை, அழுகலும் இல்லை. கிரிப்டோகோரைன் சிலியாட்டா செடி மட்டும் மணலில். நட்டதும் இலை கரைந்து, மூன்று வாரத்தில் மறுபடி துளிர்த்தது. அது எதிர்பார்த்ததுதான்.

சிக்கல் ஃபெர்னில். ஒரு மாதமாகப் புது இலைகள் வெளிர்மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகள் நன்றாகவே உள்ளன. (இலையடியில் வரிசையாக உள்ள கரும்புள்ளிகள் வித்துப்பைகள், அதை நோய் என்று சொல்லிவிடாதீர்கள்!) பொட்டாசியம் குறைவாக இருக்க வாய்ப்பில்லை, இந்த உப்பிலேயே லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில் இருக்கும். சந்தேகம் இரும்புச்சத்தில். இப்போது போடுவது ஈடிடிஏ இரும்பு (இரும்பை நீரில் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் ஈடிடிஏ என்ற சேர்மத்தோடு பிணைத்தது). பிஎச் 8-இல் அது சீக்கிரம் பிரிந்து படிந்துவிடும்.

உவர்நீரில் டிடிபிஏ இரும்பு (ஈடிடிஏவைவிட அதிக பிஎச் தாங்கும் வகை) போடுபவர்கள் சொல்லுங்கள்: வாரம் எவ்வளவு? ஒரே தடவையா, பிரித்தா? ஒளியைக் கூட்டச் சொல்ல வேண்டாம், அனுபியாஸ் இலையில் பாசி ஏறிவிடும்.