பத்துமலைத் தைப்பூசத்துக்கு 18-300 ஒரே லென்ஸ் போதுமா?

செந்தூல்_வேலன்:
வணக்கம். கையில் சோனி ஏ6400 கேமரா. அதோடு 16-50, 55-210 எம்எம் லென்ஸ் இரண்டும் இருக்கின்றன. தைப்பூசக் கூட்டத்தில் லென்ஸ் மாற்றுவது பெரிய தொல்லை. இரண்டையும் தள்ளிவிட்டு டாம்ரான் 18-300 (திறப்பு எஃப் 3.5-6.3, எண் கூடக்கூட வெளிச்சம் குறையும்) வாங்கலாமா? காவடி, படிக்கட்டு, குகைக்குள் சந்நிதி எல்லாம் எடுக்கணும். ‘6.3 இருட்டு’, ‘படம் சோப்பு மாதிரி இருக்கும்’ என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உண்மையில் எதை இழப்பேன்?

கண்ணாடிக்காரன்:
தம்பி, ‘6.3 இருட்டு’ என்பவர்கள் உங்கள் 55-210ஐத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் 210இல் 6.3தான். அந்தப் பக்கம் உங்களுக்கு நட்டமே இல்லை, 300 வரை கூடுதலாகத்தான் கிடைக்கிறது. எடை கொஞ்சம் கூடும்: இரண்டு பழைய லென்ஸும் சேர்ந்து 461 கிராம், இது 620.

நட்டம் அகலப் பக்கத்தில். 16க்கும் 18க்கும் இரண்டே எம்எம் என்று நினைக்காதீர்கள். 16இல் பத்து மீட்டர் தள்ளி நின்று எடுத்த அதே அகலம் 18இல் வேண்டுமானால் இன்னும் ஒன்றேகால் மீட்டர் பின்னால் போகணும். 42.7 மீட்டர் முருகன் சிலைக்கு அடியில், தைப்பூசத்தன்று, பின்னால் போக இடம் ஏது? கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து மேலும் கீழுமாக இரண்டு படம், மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்து, பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பெட்டியில் எழுதியிருக்காது. பக்கத்தில் இருப்பதை 300இல் எடுத்தால் 300 கிடைக்காது. இந்த லென்ஸ் 300இல் 0.99 மீட்டர் வரை நெருங்கி, பொருளைக் கால் பங்கு அளவில் பதிக்கும். அந்தத் தூரத்துக்கும் அளவுக்கும் கணக்குப் போட்டால் வருவது சுமார் 160 எம்எம். நெருங்கிக் குவிக்கும்போது உள்ளே கண்ணாடிகள் நகர்ந்து குவியத்தூரம் குறைந்துவிடுகிறது. தூரத்துப் படியில் நிற்பவருக்கு இது பொருட்டில்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அலகு குத்திய முகம் எடுப்பவருக்குப் பொருட்டு.

‘சோப்பு மாதிரி’ என்கிற மங்கல் பேச்சு பாதி உண்மை. 300இல் ஓரங்கள் மென்மையாக இருக்கும், எஃப் 8 வைத்தால் தேறும். எஃப் 11க்கு மேல் போனால் ஒளி வளைவால் மறுபடி மென்மையாகிவிடும். நண்பகலில் தார்ச்சாலைக்கு மேலே 300இல் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுபவர்களும் உண்டு. அது கானல், எந்த லென்ஸிலும் வரும்.

குகைநிழல்:
வெயிலுக்கு மேலே சொன்னது சரி. குகைதான் சிக்கல். 272 படி ஏறி உள்ளே போனதும் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும். எஃப் 2.8, ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளி கூடும்) 1600 போதும் என்கிற இடத்தில், 6.3இல் அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 8000 ஆகிறது. இரண்டேகால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்துக்குத்தான். ஆடுகிற காவடியை நிறுத்த 1/500 வேண்டும், அதை எந்தத் தடுப்பும் தராது.

‘அப்போ ஏன் 2.8இல் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். 300ஐ 2.8ஆல் வகுத்தால் 107 மி.மீ. திறப்பு. 6.3ஆல் வகுத்தால் 48. அதனால்தான் 67 மி.மீ. ஃபில்டரோடு கையில் அடங்குகிறது.

உங்கள் இடத்துக்கு என் ஓட்டு: 55-210 இருக்கட்டும், 16-50ஐ மட்டும் கொடுத்துவிட்டு சிக்மா 18-50 எஃப் 2.8. 290 கிராம்தான். நடுக்கத் தடுப்பு அதில் இல்லை, ஏ6400 உடலிலும் இல்லை. ஆள் நகரும் இடத்தில் அது பெரிய குறையில்லை. கீழே வெயிலில் நீளம், மேலே குகைக்குள் 18-50. லென்ஸ் மாற்றுவது ஒரே தடவை, அதுவும் ஏறத் தொடங்கும் முன்பு.

தண்ணீர்மலை_அக்கா:
குகை முக்கியமில்லை, தேர்தான் முக்கியம் என்பவருக்கு 18-300 நல்ல தேர்வுதான். பினாங்கில் வெள்ளித் தேர் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். திருநீறு, சாம்பிராணிப் புகை, தேங்காய்த் தண்ணீர் மூன்றுக்கும் நடுவில் கேமராவைத் திறந்து சென்சாரைக் காட்டாமல் இருப்பதே பெரிய லாபம்.

ஆனால் நீண்ட குழலைப் பாருங்கள். 300க்கு இழுத்த நிலையில் அதன்மேல் தேங்காய்த் தண்ணீர் தெறித்தால் அப்படியே 18க்குச் சுருக்காதீர்கள். பிசுக்கு உள்ளே போய் வளையம் கரகரக்கும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, பிறகு சுருக்குங்கள். தூறலைத் தாங்கும் என்பது வேறு, சர்க்கரைத் தண்ணீர் வேறு.

ஜூம் ஒவ்வொரு இழுப்புக்கும் வெளிக்காற்றை உள்ளே வாங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், பூஞ்சைக்கு அதுவே தீனி. வீட்டில் டிரை கேபினெட்டை (ஈரத்தைக் குறைக்கும் பெட்டி) 40-50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்க வேண்டாம். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்கண்ணாடி வேர்த்துவிடும்.

செந்தூல்_வேலன்:
நன்றி அக்கா, அண்ணன்மாரே. பழைய 18-300 ஒன்று விலைக்கு வருகிறது. எதைச் சோதிக்கணும்?

கண்ணாடிக்காரன்:
லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ஜூமை 100 வாக்கில் விடுங்கள், குழல் தானாக வழிகிறதா பாருங்கள். பூட்டு 18இல் மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்தி வலைபோல் தெரியும். பொட்டுத் தூசியை விட்டுவிடலாம். பிறகு ஓடு பதித்த சுவருக்கு நேராக நின்று 18, 70, 300 மூன்றிலும் திறப்பை முழுதாக வைத்து எடுங்கள். நாலு மூலையும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் கண்ணாடி சாய்ந்திருக்கிறது, விலை குறைத்தாலும் வேண்டாம். ஓட்டின் கோடு வளைவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஜேபெக்கில் கேமராவே நிமிர்த்திவிடும், ரா (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் மென்பொருளில் லென்ஸ் புரொஃபைலை (அந்த லென்ஸுக்கான திருத்தக் குறிப்பு) போடணும்.