பழைய வீட்டிலும் புதிய கட்டுமானத்திலும் ஒரே சுண்ணாம்புக்கல் தரை அமைக்கலாமா?

கேள்வி – பழையமுற்றம்

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பழைமையான ஒரு வீட்டை அண்மையில் வாங்கினேன். அதன் கீழ்த்தளம் முழுவதும் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் பாவியிருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் கல் லேசாகக் குழிந்து, எந்த இயந்திரமும் தர முடியாத ஒரு மெருகோடு இருக்கிறது. வாசலை ஒட்டிய கல்லில், ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட கடல் உயிரியின் ஓடு ஒன்று உள்ளங்கை அகலத்தில் பதிந்திருக்கிறது. அதனால் இந்தத் தரையைப் பெயர்க்க எனக்கு மனமில்லை.

ஆனால் ஓர் அறையில் மட்டும் முந்தைய உரிமையாளர் கற்களின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்து, மேலே பளபளக்கும் பூச்சு ஒன்றை அடித்திருக்கிறார். அங்கே சுவரோரம் வெள்ளையாக உப்புப் பூத்து, கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாலித்தீன் விரித்துக் கான்கிரீட் போட்டு, புதுக் கல் பதிப்பதே நல்லது என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். பின்பக்கம் நாங்கள் எழுப்பும் புதிய கட்டுமானத்தில், தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் சூடேற்றும் அமைப்பும் வரவிருக்கிறது. இரண்டு பகுதிகளையும் ஒரே கல்லில் அமைப்பது சரியா, செய்வதென்றால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – சுண்ணாம்புச்சாந்து

தயவுசெய்து பழைய தரையைப் பெயர்க்காதீர்கள். கெட்டுப்போனது கல் அல்ல, அதன்மேல் போட்ட பூச்சுதான்.

அந்தக் காலத்துத் தரைகள் பெரும்பாலும் இடித்து இறுக்கிய மண்ணின் மேலோ, மணலின் மேலோ, சுண்ணாம்புச் சாந்தின் மேலோ நேரடியாகப் பாவப்பட்டவை. ஈரத்தைத் தடுக்கும் விரிப்பு எதுவும் அடியில் இருக்காது. மண்ணிலிருந்து மேலேறும் ஈரம் கல்லின் நுண்துளைகள் வழியாகவும், அதைவிட அதிகமாகச் சுண்ணாம்பு அடைத்த இடுக்குகள் வழியாகவும் சிறிது சிறிதாக ஆவியாகிவிடும். தரை மூச்சுவிடும் வரையில் அந்த ஈரத்தால் யாருக்கும் தொல்லை இல்லை. இடுக்கைச் சிமெண்டால் அடைத்து, முகத்தையும் பூச்சால் மூடியதும் அதன் வழி அடைபட்டுவிடுகிறது. ஈரத்தில் கரைந்து வரும் உப்புகள் மேற்பரப்புக்கு வர முடியாமல் பூச்சுக்குச் சற்றுக் கீழேயே படிகமாகின்றன. படிகம் வளரும்போது கல்லின் மேல்தோலை உள்ளிருந்து நெம்பி உடைக்கிறது. நீங்கள் காணும் செதில்கள் அப்படி உண்டானவை. தரை முழுவதும் பாலித்தீன் விரித்துக் கான்கிரீட் போட்டால், அதே ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவர்களில் ஏறக்கூடும்.

முதலில் பூச்சைக் கல்லுக்குக் கேடு செய்யாத கரைப்பானால் நீக்கி, சிமெண்டை இடுக்குகளிலிருந்து கையுளியால் பொறுமையாக எடுத்து, சுண்ணாம்புச் சாந்தால் மறுபடி நிரப்புங்கள். பூத்த உப்பை நீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கழுவினால் அது கரைந்து மீண்டும் கல்லுக்குள்தான் போகும். உலர்ந்த தூரிகையால் வாரி எடுங்கள். அந்தத் தரை முழுமையாக உலரப் பல மாதங்கள் ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

எங்காவது கல் உண்மையிலேயே உள்வாங்கி ஆடினால், அந்தக் கற்களுக்கு மட்டும் எண்ணிட்டுப் படமெடுத்த பிறகு தூக்கி, நீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பில் (என்.எச்.எல் 3.5 என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும்) படுக்கை அமைத்து, அதே வரிசையில் திரும்பப் பதிக்கலாம்.

பதில் – மட்டப்பலகை

பழைய பகுதியைப் பற்றி மேலே சொல்லப்பட்ட அனைத்தையும் ஏற்கிறேன். புதிய கட்டுமானத்தின் விதி நேர் எதிரானது. அங்கே அடியில் ஈரத்தடுப்பு இருந்தே ஆக வேண்டும். கல்லை மூச்சுவிட வைக்கும் கவலை இல்லை, தளத்தின் அசைவைப் பற்றித்தான் கவலை.

முதலில் கல்லைத் தேர்ந்தெடுப்பது. சுண்ணாம்புக்கல் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் கடப்பாக் கல், கோட்டாக் கல், போர்ட்லாந்துக் கல் ஆகியவை நிறத்திலும் நெருக்கத்திலும் மிகவும் வேறுபட்டவை. அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம் சி568, அடர்த்தியை வைத்து இதை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அடர்த்தி குறைந்த வகை தன் எடையில் 12 சதவீதம் வரை நீரை உறிஞ்சலாம், அடர்த்தி மிகுந்த வகைக்கு வரம்பு 3 சதவீதம். நடமாட்டமுள்ள தரைக்கு அடர்ந்த வகையையே நான் விரும்புவேன். ஒரே ஒரு மாதிரித் துண்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு கற்களைத் தரையில் பரப்பி, நனைத்தும் உலர்த்தியும் பாருங்கள். உங்கள் பழைய கல்லின் அருகே வைத்துப் பார்த்தால்தான் நிறம் ஒத்துவருமா என்று தெரியும். கண்ணாடிபோல் பாலிஷ் செய்த முகம் பழைய மெருகோடு ஒருபோதும் ஒட்டாது. பளபளப்பில்லாமல் இழைத்த முகமோ, ஓரங்கள் மழுங்கிய கல்லோதான் பொருந்தும்.

சூடேற்றும் தரைக்குச் சுண்ணாம்புக்கல் மிகவும் ஏற்றது. வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் குழாய் பதித்த மட்டக் கலவை (கல்லுக்கு அடியில் தளத்தைச் சமப்படுத்தப் போடும் அடுக்கு) முழுமையாக உலர்ந்து, ஒருமுறை மெதுவாகச் சூடேற்றி ஆறவைத்த பிறகே கல் பதிக்க வேண்டும். சிமெண்ட் மட்டக் கலவைக்கு, முதல் 50 மில்லிமீட்டர் வரை, மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு. மக்கள் புழங்கும் இடத்தில் தரைமுகத்தின் வெப்பம் 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பியத் தரநிலை. வெளிர்நிறக் கல்லுக்கு வெள்ளைப் பசையே பயன்படுத்துங்கள், சாம்பல் பசையின் நிழல் கல்லின் முகத்தில் தெரிந்துவிடும். பசை கல்லின் அடிப்பக்கம் முழுவதும் படர வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து அழுத்துவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

பழைய தரையும் புதியதும் சந்திக்கும் கோட்டில் ஒரு கல்லைக்கூட இரண்டின் மேலும் பாலம்போல் கிடத்தக் கூடாது. ஒரு பக்கம் மண்ணோடு அசையும், மறுபக்கம் வெப்பத்தால் விரியும். அந்தக் கல் பிளப்பது உறுதி. வாசற்படி வரும் இடத்தில் நெகிழும் நிரப்பியோடு ஓர் இடைவெளி விடுங்கள்.

பதில் – தண்ணீர்த்துளி

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு அது நேரக் கூடாது. கல் பதித்து முடித்த மறுநாள், தரையில் படிந்த சிமெண்ட் மங்கலைப் போக்க வேலையாள் நீர்த்த அமிலத்தை ஊற்றிவிட்டார். ஒரு நொடியில் நுரைத்துப் பொங்கியது. கழுவிப் பார்த்தபோது அந்த இடம் முழுவதும் வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எந்த அமிலமும் அதை அரித்துக் கரியமில வாயுவை வெளியேற்றும். அது கறை அல்ல, கல்லே போய்விட்ட இடம். மீண்டும் இழைத்துத்தான் சரிசெய்ய முடிந்தது. துடைப்பதற்குக் காடித்தன்மை இல்லாத, நடுநிலையான சோப்பு நீர் போதும்.

இடுக்கு நிரப்புவதற்கு முன்பே, உள்ளிறங்கும் வகைச் சீலரை (கல்லின் நுண்துளைகளுக்குள் ஊறும் காப்புத் திரவம்) ஒருமுறை பூசிவிடுங்கள்; இல்லாவிட்டால் நிரப்பியின் நிறம் ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் சட்டம்போல் ஏறிவிடும். சீலர் கறை இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, அமில அரிப்பைத் தடுக்காது. கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவையில் இந்தக் கல்லின் கடினம் 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7; காலோடு வரும் மணல் கல்லைக் கீறிவிடும். ஆகையால் வாசலில் நல்ல மிதியடி போடுவது எந்தச் சீலரைவிடவும் தரையைக் காப்பாற்றும்.

பதில் – பழையமுற்றம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பூச்சு இல்லாத அறையில் பாலித்தீன் துண்டு ஒன்றை ஓரங்களில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கல் கறுத்து, பாலித்தீனின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஒப்பந்ததாரரையும் அழைத்துக் காட்டினேன். பழைய தரையைப் பெயர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். ஒரே ஓர் ஐயம்: பழைய கற்களுக்கு உள்ளிறங்கும் சீலரும் வேண்டாமா?

பதில் – சுண்ணாம்புச்சாந்து

இப்போது வேண்டாம். அதே பாலித்தீன் சோதனையை இடுக்குகளை மாற்றிய பிறகு, வறண்ட பருவம் ஒன்று கழிந்ததும் மறுபடி செய்து பாருங்கள். நீர் கோக்கவில்லை என்றால், ஆவியை வெளியே விடும் வகைச் சீலரை ஒதுக்குப்புறமான ஒரு கல்லில் மட்டும் பூசி, சில வாரங்கள் கவனித்துவிட்டு எழுதுங்கள்.