இணைப்பில் ஹைட்ரஜன் தங்காதா? “1000 பாகை” வாதத்துக்கு மறுப்பு

செம்புக்குழாய்: அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இணைவு உலையின் சுவர் 1000 பாகை செல்சியஸைத் தாண்டுவதால் ஹைட்ரஜன் தானாக வெளியேறிவிடும் என்றும், ஹைட்ரஜன் புகுந்து உலோக இணைப்புகள் (இரு உலோகங்களை ஒட்டிய இடங்கள்) நொறுங்கும் என்ற கவலை வீண் என்றும் நேற்று நண்பர் கனல்வேந்தன் தீர்ப்பே எழுதிவிட்டார். 1000 பாகை என்பது பிளாஸ்மா எனும் மிகச் சூடான மின்னூட்ட வாயுவைப் பார்த்து நிற்கும் டங்ஸ்டன் முகப்பின் கணக்கு. பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் இணைவு உலையின் டைவர்ட்டரில் (வெப்பத்தையும் கழிவு வாயுவையும் வாங்கும் அடிப்பகுதி) டங்ஸ்டன் கட்டிகளின் நடுவே தாமிர-குரோமிய-சிர்கோனியக் குழாய் செல்கிறது. அதற்குள் ஏறத்தாழ 70 பாகையில் நீர் நுழைகிறது. டங்ஸ்டனும் குழாயும் சேரும் இணைப்பு அந்த நீருக்குச் சில மில்லிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

கனல்வேந்தன்: சதுர மீட்டருக்கு 10 மெகாவாட், சில வேளைகளில் 20 மெகாவாட் பாயும் இடத்தில் குளிர்ச்சியைத் தேடும் அறிஞருக்கு வணக்கம். வெப்பம் ஏறினால் ஹைட்ரஜனால் வரும் நொறுங்குதன்மை குறையும் என்பது பாடநூல் உண்மை. டங்ஸ்டனில் ஹைட்ரஜன் கரைவதும் மிகக் குறைவு. 1000 பாகை, ஐயா!

செம்புக்குழாய்: தாமிரம் 1085 பாகையில் உருகும், தாமிரக் கலவைக் குழாயையோ 350 பாகை அளவுக்கு மேல் நம்ப முடியாது. இணைப்பும் 1000 பாகையில் இருந்தால் நாம் பேசுவதற்குக் குழாயே மிஞ்சாது. மேலும், உலை துடிப்புத் துடிப்பாக இயங்குகிறது. சூட்டில் உள்ளே சென்ற, எரிபொருளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் (இரண்டும் ஹைட்ரஜனின் கனமான வகைகள்) முழுவதும் வெளியேறுவதற்குள் உலோகம் குளிர்ந்துவிடுகிறது. முதல் சுவருக்கு (பிளாஸ்மாவைச் சூழும் உட்சுவர்) எண்ணியிருந்த பெரிலியத்தைத் தாமிரக் கலவையோடு நேரடியாக ஒட்டினால் நொறுங்கும் சேர்மங்கள் உருவாகின்றன என்பதால் இடையில் டைட்டானியப் படலம் வைத்துச் சோதித்தார்கள். அந்த டைட்டானியமோ ஹைட்ரஜனை ஆவலோடு விழுங்கி, ஹைட்ரைடு என்ற சேர்மமாகிப் பருத்து, தானே நொறுங்கக்கூடியது.

கனல்வேந்தன்: முதல் சுவரில் பெரிலியத்துக்குப் பதிலாக டங்ஸ்டன் என்று ஐட்டர் 2023-இல் முன்மொழிந்துவிட்டது. இல்லாத சுவருக்கு இன்னும் வாதாடுகிறீர்கள். பெரிலியம்தான் நிலைக்கும் என்று அப்போது இதே இடத்தில் அடித்துச் சொன்னவரும் தாங்களே.

தனிநியூட்ரான்: இருவரும் ஹைட்ரஜன் வெளியிலிருந்து மட்டுமே வருவதாக எண்ணுகிறீர்கள். இணைவில் பிறக்கும் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் பிறப்பிக்கின்றன. சிக்கிய டிரிட்டியமும் 12.3 ஆண்டு அரையாயுளில் ஹீலியம்-3 ஆக மாறுகிறது.

செம்புக்குழாய்: அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே கேள்வி இணைப்பின் வெப்பநிலை மட்டுமே. பெரிலியம் பற்றி நான் சொன்னதை முழுவதும் மேற்கோள் காட்டும் துணிவு நண்பருக்கு இருக்கிறதா?

கனல்வேந்தன்: இருக்கிறது, நேரந்தான் இல்லை. சூடாக்கினால் வாயு வெளியேறாது என்றால், உலையைச் சுட்டுச் சுத்தம் செய்யும் ஏற்பாடு எதற்கு, அலங்காரத்துக்கா?

செம்புக்குழாய்: முதல் சுவரை 240 பாகை நீரால் சுடுவதுதான் ஐட்டரின் திட்டம். டைட்டானியம் ஹைட்ரைடு அதற்கெல்லாம் அசையாது. அடுத்த 1000 பாகையை எடுத்து வாருங்கள்.