‘மோரான்’ என்பதற்குத் தமிழ்

அன்புள்ள குழுவினருக்கு,

உளவியல் வரலாற்று நூலொன்றின் மொழிபெயர்ப்பில் இடியட், இம்பெசில், மோரான் மூன்றும் அறிவு வளர்ச்சிக் குறைவின் படிநிலைகளைக் குறிக்கும் வகைப்பெயர்களாக வருகின்றன. மோரானுக்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: மூடன், பேதை, மழுங்கறிவினர். எதை வைக்கலாம்?

-----

> மூடன், பேதை

இரண்டும் வேண்டாம் ஐயா. மோரான் வசையாகப் பிறந்த சொல்லன்று. நம்மைப்போல் ஒருவர் உட்கார்ந்து ஆக்கிய கலைச்சொல். அமெரிக்காவில் நியூஜெர்சியின் வைன்லாந்து பள்ளியில் ஆய்வு செய்த உளவியலாளர் ஹென்றி காடர்ட் 1910இல் கிரேக்க ‘மோரோஸ்’ என்பதிலிருந்து எடுத்தார். தெருவில் யாரும் வழங்காத சொல் என்பதே அதன் தகுதி. மூடனுக்கு அந்தத் தகுதி இல்லை. பேதைக்கோ வேறு சிக்கல். குறளின் 84ஆம் அதிகாரம் சொல்லும் பேதைமை, கேட்டைக் கைக்கொண்டு ஊதியத்தைக் கைவிடுவது. அது நடத்தைக் குற்றம், அளவை அன்று.

காடர்டுடையது அளவை. பினே என்ற பிரெஞ்சு உளவியலாளரின் அறிவுச் சோதனைப்படி பெரியவர் ஒருவரின் மனவயது (அவர் அறிவுநிலை எந்த வயதினருடையதற்கு ஒப்பு என்பது) 2 வரை என்றால் இடியட், 3–7 இம்பெசில், 8–12 மோரான். இவற்றுக்கு நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) எண்களைப் போட்டு 1910 என்று எழுதுகிறார்கள், தவறு. மனவயதை உண்மை வயதால் வகுக்கும் வழக்கத்தை ஜெர்மன் உளவியலாளர் ஸ்டெர்ன் முன்வைத்ததே 1912இல்தான். அடிக்குறிப்பில் திருத்திவிடுங்கள்.

அந்த 12 என்ற வரம்பு பின்னால் காலை வாரியது. முதல் உலகப் போரில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களைச் சோதித்தபோது, வெள்ளையர்களின் சராசரி மனவயதே ஏறக்குறைய 13தான் வந்தது. பாதிப்பேர் மோரான் என்றால் கோளாறு அளவுகோலில்தானே!

> மழுங்கறிவினர்

வேர்ப்பொருள் சரி. மோரோஸ் என்றால் மழுங்கியது, மந்தமானது. முரண்தொடரைக் குறிக்கும் ஆக்சிமோரான் என்ற சொல்லில் ‘கூர்’ என்பதோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் அதுவே. (முனை மழுங்கிய கத்தியைச் சொன்ன நம் ‘மொக்கை’ இன்று படத்தையும் பேச்சையும் திட்டுகிறதே, அதே தடம்.) ஆனால் மழுங்கறிவு வினைத்தொகை. முன்பு கூராக இருந்து மழுங்கியது என்ற பொருளும் அதில் வந்துவிடும். அது முதுமை மறதிக்குப் பொருந்தலாம். இழந்தவர் வேறு, முதலிலிருந்தே இல்லாதவர் வேறு என்று பிரெஞ்சு மனநல மருத்துவர் எஸ்கிரோல் 1838இலேயே பிரித்துவிட்டார். காடர்டும் இதைப் பிறவிக் குறை என்றே நம்பினார்.

என் பரிந்துரை: கூரிலி. ஏதிலி, பெயரிலி போல. ‘இலி’ இல்லாமையை மட்டும் சொல்லும். இழப்பைச் சொல்லாது, ஆண்பெண் பாகுபாடும் இல்லை. ‘-அன்’ போட்டால் மடையன், மூடன் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.

-----

கூரிலி எனக்கும் உடன்பாடு. ஆனால் இடியட்டும் இம்பெசிலும் ஒலிபெயர்ப்பாக நிற்க, இது மட்டும் தமிழில் நின்றால் அட்டவணை இடிக்காதா?

-----

இடிக்கும். அட்டவணையில் மூன்றையும் ஒலிபெயர்ப்பாகவே விடுங்கள். காடர்ட் சொல்லாக்கிய பத்தியில் மட்டும் கூரிலி. இன்றைய மனிதர்களைச் சுட்டும் இடத்தில் இரண்டுமே கூடாது. அங்கே ‘அறிவுசார் குறைபாடுடையோர்’. இந்தியாவின் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மேற்கோள் காட்டும் வரியில் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்று இருந்தால் அதைத் திருத்த வேண்டாம், மேற்கோள் மேற்கோளாகவே இருக்கட்டும்.