ஏழு மணி நேர முயலை எப்படி விற்பது?

கண்ணி_எண்ணி:
குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியும் நூலும் வைத்து, குட்டிப் பொம்மைகள் பின்னுகிறேன். அமிகுருமி என்பார்களே, அதுதான். போன வாரம் முதல்முறையாகக் கைவினைச் சந்தையில் மேசை போட்டேன். ஆறு முயல், மூன்று யானை, இரண்டு நரி கொண்டுபோனேன். விற்றது இரண்டு நரி மட்டும். முயலை எல்லோரும் எடுத்துக் கொஞ்சினார்கள், விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு ஒரு குழந்தை இழுத்த இழுப்பில் முயலின் காது கையோடு வந்துவிட்டது. அங்கேயே மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

நூல், பஞ்சு செலவைப் போல மூன்று மடங்கு விலை வைத்தேன். அதுவே அதிகமா? காதை எப்படித்தான் தைப்பது?

பஞ்சுமூட்டை:
அந்த மூன்று மடங்குக் கணக்கை முதலில் விடுங்கள். குட்டிப் பொம்மைக்குப் போகும் நூல் கொஞ்சம்தான், போவதெல்லாம் நேரம். அடுத்த முயலைப் பின்னும்போது பக்கத்தில் கடிகாரம் வைத்துக் குறித்துப் பாருங்கள். எனக்கு ஒரு முயலுக்கு ஏழு மணி நேரம் ஆனது. அதில் கை, கால், காது, வால் தைத்ததே இரண்டரை மணி நேரம்! பின்னுவது பிடிக்கும், தைப்பது பிடிக்காது, ஆனால் என் நேரத்தை எல்லாம் தின்றது அந்தத் தையல்தான்.

இப்போது தைக்காமல் முடிகிற பொம்மைகள்தான் அதிகம் செய்கிறேன். திமிங்கிலம், கோழிக்குஞ்சு, தேனீ எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். முயல் இரண்டே இரண்டு, அதுவும் கண்காட்சிக்கு வைப்பதுபோல நடுவில். ஆட்கள் முயலைப் பார்த்து நிற்பார்கள், தேனீயை வாங்கிப்போவார்கள்.

காதுக்கு ஒரு வழி: காதை முதலிலேயே பின்னி வைத்துவிடுங்கள். காதின் சுற்று 12 கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) என்றால், அதைத் தட்டையாக மடித்தால் 6 கண்ணி அகலம். தலையை உச்சியிலிருந்து கீழே பின்னி வரும்போது, காது வரவேண்டிய சுற்றில் காதின் இரண்டு மடிப்பையும் தலையின் கண்ணியையும் சேர்த்தே ஊசி விட்டு 6 சிங்கிள் குரோஷா, அதாவது சாதாரணக் குட்டைக் கண்ணி, போடுங்கள். பின்னலோடு பின்னலாகிவிடும். எவ்வளவு இழுத்தாலும் தலைதான் கூட வரும், காது தனியாக வராது.

மெல்லிழை:
கண்ணுக்கு என்ன போடுகிறீர்கள்? பின்னால் வளையம் மாட்டும் பிளாஸ்டிக் சேஃப்டி கண் என்றால், பெயரை நம்பாதீர்கள். பின்னல் தளர்ந்தால் வளையத்தோடு கண்ணிக்குள் நழுவி வெளியே வரும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்று யாராவது வாங்கினால் கறுப்பு நூலில் கண் தைத்ததைத்தான் கொடுக்க வேண்டும். ஊசியும் நூல் சுற்றுத்தாளில் போட்டிருப்பதைவிடச் சிறியதாக இருக்கட்டும். 4 மி.மீ. என்றிருந்தால் நான் 2.5 எடுப்பேன். விரல் வலிக்கும், ஆனால் பஞ்சு எட்டிப் பார்க்காது.

அப்புறம், வாங்கிய பேட்டர்னில் (பின்னும் முறையைச் சொல்லும் குறிப்பு) பின்னி விற்கலாமா என்று அதன் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். வடிவமைத்தவர் பெயரைப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், சிலர் விற்கவே கூடாது என்பார்கள்.

வால்_நறுக்கு:
செனில் நூலில், வெல்வெட் போல மெத்தென்று இருக்குமே அதில், பின்னிப் பாருங்கள். தடிமன் என்பதால் சீக்கிரம் முடியும், தொட்டவர் கீழே வைக்க மாட்டார்.

பஞ்சுமூட்டை:
முடியும்தான். ஆனால் கண்ணி கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித் தடவித்தான் எண்ண வேண்டும். தப்பாகிப் பிரித்தால் நூல் மொட்டையாகிவிடும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கண்ணி_எண்ணி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று கடிகாரம் வைத்துத் திமிங்கிலம் பின்னினேன், ஒரு மணி பத்து நிமிடம். மீதி முயல்களின் காதையும் இழுத்துப் பார்த்தேன், இன்னும் இரண்டு ஆடுகின்றன. பிரித்துத் தைத்துவிட்டு வருகிறேன்.