கவுண்டியின் பாதுகாப்பு அறிவிப்புகளை முறையாகப் பெறுவது எப்படி? (சான்டா கிளாரா, நகர எல்லைக்கு வெளியே)

மலையடிவாரத்தான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவில் சான் ஹொசே நகரின் கிழக்கு மலையடிவாரத்தில் வீடு வாங்கிக் குடியேறி ஐந்து மாதங்கள் ஆகின்றன. கடித முகவரியில் சான் ஹொசே என்றே இருப்பதால் நகரத்துக்குள்தான் இருக்கிறோம் என்று எண்ணியிருந்தேன். தெருவோரத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன பழைய மெத்தைகளைப் பற்றிப் புகார் செய்ய நகரச் சேவைகளுக்கான 311 எண்ணை அழைத்தபோதுதான், எங்கள் தெரு நகர எல்லைக்குள் வரவில்லை என்றும், சான்டா கிளாரா கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நேரடி நிர்வாகத்தில் உள்ள ‘அன்இன்கார்ப்பரேட்டட்’ பகுதி என்றும் தெரிந்தது.

மெத்தைகள் இருக்கட்டும். என்னைக் கவலைப்பட வைத்தது சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததுதான். நான் அலுவலகத்தில் இருந்தபோது, எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “வார்னிங் கொடுத்துவிட்டார்கள், கிளம்பச் சொல்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த அம்மா பாஸ்போர்ட்டுகளையும் மாத்திரை டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு எனக்கு அழைத்தார். பதறியடித்து வீடு வந்து சேர்ந்தபின் தெரிந்தது, அன்று அறிவிக்கப்பட்டிருந்தது ‘ரெட் ஃபிளாக் வார்னிங்’ மட்டுமே என்பது. யாரையும் யாரும் கிளம்பச் சொல்லவில்லை.

உண்மையான அறிவிப்பு எங்களுக்கு எந்த வழியாக வரும்? அதற்காக நான் எங்காவது பதிவு செய்துகொள்ள வேண்டுமா? பெற்றோர் இருவரும் ஊரிலிருந்து கொண்டுவந்த கைபேசிகளை வீட்டு வைஃபையில்தான் பயன்படுத்துகிறார்கள். அப்பாவுக்குத் தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்க வரும். மேலும், எங்களுக்கு நகரசபையும் மேயரும் இல்லையென்றால், இத்தகைய முடிவுகளை எடுப்பவர்கள் யார், அவற்றை எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வானொலி அன்பன் எழுதியது:

முதலில் அந்தச் செவ்வாய்க்கிழமைக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் உங்கள் அம்மாவின் தவறு எதுவும் இல்லை. ‘வார்னிங்’ என்ற ஒரே சொல்லை வெவ்வேறு துறைகள் வெவ்வேறு பொருளில் ஆளுகின்றன. ரெட் ஃபிளாக் வார்னிங் என்பது தேசிய வானிலைச் சேவை தருவது: காற்று பலமாகவும் காற்றின் ஈரப்பதம் குறைவாகவும் இருக்கிறது, ஒரு பொறி விழுந்தாலும் தீ வேகமாகப் பரவும் என்பதே அதன் பொருள், தீ எங்கும் பற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. அதே வானிலைச் சேவை வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது, ‘வாட்ச்’ என்றால் வெள்ளம் வர வாய்ப்பு உண்டு என்றும், ‘வார்னிங்’ என்றால் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது என்றும் கொள்ள வேண்டும். வெளியேற்றத்துக்கு வந்தாலோ படிநிலை தலைகீழாகிவிடுகிறது. ‘இவாக்குவேஷன் வார்னிங்’ என்பது முதல் மணி: ஆயத்தமாகுங்கள், முதியவர்கள், நோயாளிகள், கால்நடை வைத்திருப்பவர்கள் இப்போதே கிளம்புங்கள். ‘இவாக்குவேஷன் ஆர்டர்’ என்பதே இறுதி மணி: எல்லோரும் உடனே வெளியேற வேண்டும், அப்பகுதி பொதுமக்களுக்கு மூடப்படும். உங்கள் வீட்டில் முதியவர்கள் இருவர் இருப்பதால் உங்களுக்கு வார்னிங்கே ஆர்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இனி, அறிவிப்பு வரும் வழிகள். ஒன்று, பதிவே தேவைப்படாத டபிள்யூ.ஈ.ஏ. எனப்படும் கைபேசி அவசர எச்சரிக்கை. 2012 முதல் நடைமுறையில் உள்ள இதைப் பலர் குறுஞ்செய்தி என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது செல் கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஒலிபரப்புவது. உங்கள் எண் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, இணைப்பு நெரிசலிலும் சிக்காது. ஆனால் கோபுரத்தோடு தொடர்பில்லாமல் வைஃபையில் மட்டும் ஓடும் கைபேசிக்கு இது வராது என்பதால், உங்கள் பெற்றோர் இருவரும் இப்போது இந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறார்கள். மலிவான உள்ளூர் ப்ரீபெய்டு சிம் ஒன்றும், அதற்கேற்ற கைபேசி ஒன்றும் போதும்.

இரண்டாவது, கவுண்டியே நடத்தும் ‘அலர்ட்எஸ்சிசி’. இது கட்டணமில்லாதது, ஆனால் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் நாமே பதிவு செய்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். வீட்டு முகவரியோடு அலுவலக முகவரியையும், பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் முகவரியையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டபிள்யூ.ஈ.ஏ. நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்க்கிறது. பதிவு முறை நீங்கள் கொடுத்த முகவரியைப் பார்க்கிறது. நீங்கள் மவுன்டன் வியூவில் அலுவலகத்தில் இருக்கையில் மலையடிவாரத்தில் தீ என்றால், முதலாவது உங்கள் பையில் சத்தமே போடாது; இரண்டாவது போடும். வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மூன்றாவது என் சொந்தப் பித்து. நண்பர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. தேசிய வானிலைச் சேவையின் ஒலிபரப்பைப் பெறும் வானிலை வானொலிப் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் சான்டா கிளாராவுக்குரிய ஆறு இலக்கக் குறியீடான 006085 என்பதைப் பதிந்து படுக்கையறையில் வையுங்கள். நாள் முழுதும் வாய் திறக்காது. இந்தக் கவுண்டிக்கு எச்சரிக்கை வரும்போது மட்டும் வீட்டையே எழுப்பும். பேட்டரி போட்டுவிட்டால் மின்சாரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். 2019 அக்டோபரில் தீ அபாயம் கருதி மின்சாரத்தை நிறுத்தியபோது மரின் கவுண்டியில் பாதிக்கும் மேற்பட்ட செல் கோபுரத் தளங்கள் செயலிழந்தன என்பதை நினைவில் கொண்டால், இந்தக் கிழட்டுப் பெட்டியின் அருமை விளங்கும்.

மூன்றாம் வரிசை எழுதியது:

வானொலி அன்பர் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே; ஆனால் எச்சரிக்கை வந்தே தீரும் என்ற நம்பிக்கையை மட்டும் சற்றுக் குறைக்க விரும்புகிறேன். 2025 ஜனவரி 7 அன்று மாலை ஆறு மணிக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஈட்டன் தீ மூண்டது. ஆல்டடீனாவில் லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்களுக்கு வெளியேற்ற ஆணை வந்தபோது மறுநாள் அதிகாலை மூன்று மணி கடந்துவிட்டது. உயிரிழந்தவர்களில் ஏறத்தாழ அனைவருமே அந்த மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அதற்கு அடுத்த நாள், ஜனவரி 9 அன்று, வேறொரு சிறு பகுதிக்கென அனுப்பப்பட்ட வெளியேற்ற எச்சரிக்கை தவறுதலாக ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் கவுண்டி முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. போக வேண்டிய இடத்துக்குப் போகாமலும், போகக் கூடாத இடத்துக்குப் போயும், ஒரே வாரத்தில் இரண்டும் நடந்தன. நம் ஊரிலேயே 2017 பிப்ரவரியில் ஆண்டர்சன் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்து கயோட்டி க்ரீக்கில் வெள்ளம் வந்தபோது, வெளியேறச் சொல்லும் முன்பே வீடுகளுக்குள் நீர் புகுந்து, மக்களைப் படகில் ஏற்றி மீட்க வேண்டியிருந்தது.

ஆல்டடீனாவை நான் குறிப்பிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதுவும் உங்கள் தெருவைப் போலவே அன்இன்கார்ப்பரேட்டட் பகுதிதான். மேயரும் கிடையாது, நகரசபையும் கிடையாது. இத்தகைய இடங்களில் கவுண்டியே நமக்கு ஊராட்சியும் நகராட்சியும். காவலுக்கு நகரப் போலீஸ் வராது, வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த ஷெரிஃபின் துறைதான் வரும். சாலைக்குழியா, கட்டட அனுமதியா, கவுண்டி அலுவலகமே கதி. முடிவெடுப்பவர்கள் ஐவர் கொண்ட ‘போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ்’. அவர்களில் ஒருவர் உங்கள் வட்டத்தின் பிரதிநிதி. அவருடைய அலுவலகம் அனுப்பும் மின்னஞ்சல் மடலுக்குப் பெயர் கொடுத்து வையுங்கள்.

கலிபோர்னியாவில் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகளின் வழக்கமான கூட்டம் எதுவாயினும் அதன் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுவில் வெளியிட வேண்டும். பொதுமக்கள் பேசவும் இடம் தர வேண்டும். கூட்டத்துக்குள் நுழையப் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. குடியுரிமை இல்லாதவர் வாக்களிக்க முடியாதே தவிரப் பேசலாம்; நான் ஹெச்1பி விசாவில் இருந்த காலத்திலேயே ஒருமுறை எங்கள் பகுதியின் வடிகால் அடைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். தயாரித்துப் போனது நான்கு பக்கம். கிடைத்தது ஒரு நிமிடம். மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து மைக் அருகே போய்ச் சேர்வதற்குள் எந்தப் பத்தியை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நிரலைப் படிக்கும்போது ‘கன்சென்ட் காலண்டர்’ என்ற பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விவாதமின்றி மொத்தமாக நிறைவேறும் ஒப்பந்தங்கள் அங்கேதான் இருக்கும். தீத்தடுப்புக்காகப் புதர் வெட்டும் வேலை, எச்சரிக்கை மென்பொருளின் புதுப்பிப்பு போன்றவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் ஓசையின்றிக் கடந்து போகும்.

மிளகாய்ப்பொடி எழுதியது:

எல்லாவற்றிலும் பதிவு செய்துவிட்டு, பிறகு நள்ளிரவில் ஆம்பர் அலர்ட் (குழந்தை கடத்தல் பற்றிய எச்சரிக்கை) அலறியதும் எரிச்சலில் அனைத்தையும் அணைத்து வைத்தவன் நான். அதே தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். ஐஃபோனில் அறிவிப்புகளுக்கான அமைப்பின் அடிப்பகுதியில் ஆம்பர், அவசரம், பொதுப் பாதுகாப்பு என்று தனித்தனியே பொத்தான்கள் உள்ளன. ஒன்று தொந்தரவாக இருந்தால் அதை மட்டும் அணைக்கலாம்.

பெற்றோருக்கு இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுவதாகவும், ஜூரி கடமைக்கு வராததால் பிடியாணை இருப்பதாகவும், உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைப் படிக்க வேண்டும் என்றும் அழைப்பு வரும். எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்குவதில்லை. தொடர்பைத் துண்டித்துவிட்டு உங்களை அழைக்கச் சொல்லுங்கள்.

மலையடிவாரத்தான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவே என்னுடைய, மனைவியுடைய எண்களையும், வீடு, அலுவலகம், மகளின் பள்ளி ஆகிய மூன்று முகவரிகளையும் பதிவு செய்துவிட்டேன். மனைவியின் கைபேசியில் பொதுப் பாதுகாப்புக்கான பொத்தான் எப்போதோ அணைக்கப்பட்டுக் கிடந்தது. ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை: சிம் வாங்கிக் கொடுத்தாலும் அப்பாவுக்குச் செய்தி ஆங்கிலத்தில்தானே வரும்? தமிழில் வருவதற்கு வழி உண்டா? அவரே 911ஐ அழைக்க நேர்ந்தால் என்ன செய்வார்?

வானொலி அன்பன் எழுதியது:

டபிள்யூ.ஈ.ஏ.வில் இப்போதைக்குத் தமிழ் இல்லை. தற்போது ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அனுப்ப வசதி உண்டு. மேலும் பல மொழிகளில் ஆயத்த வாசகங்களை ஏற்படுத்த ஃபெடரல் தகவல் தொடர்பு ஆணையம் 2025 ஜனவரியில் பிறப்பித்த ஆணையில் ஹிந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. அதனால் நான் என் மாமியாருக்குச் செய்து கொடுத்ததையே உங்களுக்கும் சொல்கிறேன். கைபேசி அந்தக் கொடூரமான ஒலியை எழுப்பினால், படிக்க முயல வேண்டாம், திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், இரண்டு நிமிடத்தில் பதில் வராவிட்டால் எதிர் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள் என்று பழக்கி வைத்திருக்கிறோம். எதிர் வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே பேசிவிட்டோம்.

911ஐ அழைத்தால் “டமில்” என்ற ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருக்கச் சொல்லுங்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதற்கு முன்பாக முகவரியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குங்கள். கைபேசியிலிருந்து போகும் அழைப்பு முதலில் வேறொரு மையத்தில் விழக்கூடும், அங்கிருந்து மாற்ற வேண்டியும் வரலாம்; ஆகவே எங்கே என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும், என்ன என்பது இரண்டாவது.

கலிபோர்னியாவின் பல கவுண்டிகளில் வெளியேற்ற அறிவிப்புகள் இப்போது தெருப்பெயரைக் காட்டிலும் மண்டலக் குறியீட்டைச் சொல்லியே வருகின்றன. கவுண்டியின் வரைபடத்தில் உங்கள் முகவரியைத் தேடி அந்தக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தீ நேரத்தில் தேடினால் பக்கம் திறக்க நெடுநேரம் ஆகும்.

மலையடிவாரத்தான் எழுதியது:

குறியீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அதையும் முகவரியையும் தமிழ் எழுத்தில், ஆங்கில உச்சரிப்பு மாறாமல், ஒரு தாளில் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்பா காலையிலிருந்து நான்கு முறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டார். ஐந்தாவது முறை அம்மா குறுக்கிட்டு, வார்னிங் என்றால் எந்த வார்னிங் என்பதையும் அதன் கீழே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.